அத்தியாயம் 6: பொருளியல் வகுப்புக்கு மேலதிக வாசிப்பு – புத்தளம் கரையோரப் பாடசாலைகளுக்கு

உயர்தரப் பொருளியல் ஆசிரியருக்கு எப்போதும் போதாதது நேரம். ஆசிரியர் வழிகாட்டி சொல்லும் தேர்ச்சிகளை முடிக்க வேண்டும். பல்தேர்வு வினாக்களில் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். கடந்தகால வினாத்தாள்களைச் செய்விக்க வேண்டும். மாலையானால் அவர்கள் டியூஷனுக்குப் போய்விடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் இன்னொரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதென்றால் அதற்கு வலுவான காரணம் வேண்டும். பொது அறிவு வளரும் என்பது போதாது. பரீட்சைக்கு உதவும் என்பதும் போதாது, பரீட்சைக்கு வேண்டியது வழிகாட்டியிலேயே இருக்கிறது.

நான் பரிந்துரைக்கும் அளவுகோல் ஒன்றுதான். வாசித்து முடித்த மாணவி, தன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள், அந்தக் கட்டுரை சொல்வது சரியா பிழையா என்று பார்த்துவர முடியுமா? முடியுமென்றால் கொடுங்கள். முடியாதென்றால், எழுதியவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், உங்கள் சொந்த வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகோலை எல்லா ஊராலும் தாங்க முடியாது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தால் முடியும். தெற்கே வென்னப்புவவிலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டி முனை வரை போய்ப் பாருங்கள். பொருளியல் பாடத்தின் ஏறக்குறைய ஒவ்வோர் அலகுக்கும் கண்ணெதிரே ஒரு சான்று நிற்கிறது. கரைவலை, இறால் பண்ணை, உப்பளம், தென்னந்தோட்டம், கற்பிட்டி மணலில் விளையும் வெங்காயமும் மிளகாயும், நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம், சீமெந்துத் தொழிற்சாலை, இத்தாலியிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் காசு, 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறிய குடும்பங்கள். பாடநூல் எழுதுபவர்கள் கற்பனை உதாரணங்களால் நிரப்பும் இடங்களில் உங்கள் மாணவர்களுக்கு அயலவரின் தொழில் இருக்கிறது. மேலதிக வாசிப்பின் வேலை, அந்தத் தொழிலையும் வழிகாட்டியின் வரைபடத்தையும் ஒரே பார்வையில் கொண்டுவருவது.

எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு ஒரு பெரிய வாசிப்பு, இடையில் இரண்டு மூன்று சிறிய தாள்கள் போதும். கீழே சொல்பவற்றில் எல்லாவற்றையும் ஒரே வகுப்புக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கரைவலையிலிருந்து தொடங்குங்கள்

முதல் வாசிப்பாக நான் வைப்பது எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட, பொதுவளங்களை மக்கள் எப்படித் தாமே ஆளுகிறார்கள் என்பது பற்றிய நூலின் ஒரு பகுதி. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். நூல் முழுவதும் வேண்டாம். ஐந்தாம் அத்தியாயத்தில், ஏற்பாடுகள் தோற்றுப்போன இடங்களை அவர் ஆராய்கிறார். அவற்றுள் ஒன்று இலங்கையின் தென்கரையிலுள்ள மாவெல்ல என்ற கிராமத்தின் கரைவலைத் தொழில். மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் அங்கே செய்த களஆய்வை வைத்து அவர் எழுதுகிறார்.

விடயம் இதுதான். மீன் நிறைய வரும் இடம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை, வலை இறக்கக்கூடிய இடங்களோ மிகக் குறைவு. ஆகவே மாவெல்ல மீனவர்கள் முறை வைத்து வலை போட்டார்கள். ஒவ்வொரு வலைக்கும் நல்ல இடமும் நல்ல நேரமும் சுற்றி வந்தன. நியாயமான ஏற்பாடு. ஆனால் முறையில் பங்கு வேண்டுமென்றால் ஒரு வலை வைத்திருந்தால் போதும். மீன் விலை ஏற ஏற ஆட்கள் புதிய வலை சேர்த்தார்கள். கடலில் மீன் கூடவில்லை, வலைதான் கூடியது. ஒவ்வொரு வலைக்கும் கிடைக்கும் முறை குறைந்தது. ஊருக்குச் சேரும் மொத்த வருமானத்தில் புதிய வலை சேர்த்தது அற்பம், அதற்குப் போட்ட முதலும் ஆளும் உண்மையான செலவு. வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது. செல்வாக்குள்ளவர்கள் அரசியல்வாதிகளைப் பிடித்து அதை நடைமுறைக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

குறைந்துசெல்லும் விளைவு, சராசரி வருமானத்துக்கும் எல்லை வருமானத்துக்கும் உள்ள வேறுபாடு, சொத்துரிமை, அரசின் தோல்வி ஆகிய நான்கும் இந்தச் சில பக்கங்களுக்குள் இருக்கின்றன. மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் சராசரிக்கும் எல்லைக்கும் இடையிலான வேறுபாடு. "நூற்றோராவது வலை போடுகிறவனுக்கு அது இலாபமாகத் தெரிவது ஏன்? ஊருக்கு நட்டமாவது ஏன்?" என்று கேளுங்கள். வலை சொந்தக்காரர் பார்ப்பது தன் பங்கை, அதாவது சராசரியை. ஊர் இழப்பது எல்லைக் கணக்கில். இதை ஒருமுறை பிடித்துக்கொண்ட பிள்ளைக்குச் செலவு வளையிகள் பிறகு பயமுறுத்துவதில்லை.

இதைக் கொடுத்த பின்பு உடப்புக்குப் போங்கள். கரைவலைக்கும், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. இங்கே பாடு, அதாவது வலை இறக்கும் கரைப்பகுதி, யாருக்கு? ஒரு பாட்டில் எத்தனை வலை? முறை உண்டா? புதிதாக ஒருவர் வலை இறக்க வந்தால் யார் மறிப்பார்? பங்கு எப்படிப் பிரிகிறது, வலை முதலாளியான சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுப்பவருக்கு எவ்வளவு? மாவெல்லவில் தோற்றது இங்கேயும் தோற்றதா, அல்லது இங்கே வேறொரு காவல் இருந்ததா? ஒஸ்ட்ரம் சொன்னதை ஒப்புக்கொள்வதற்காகப் போக வேண்டாம், அவரோடு வாதாடப் போங்கள். சில கரைகளில் ஆட்களுக்குப் பதிலாக உழவு இயந்திரம் வலை இழுக்கிறது. உழைப்புக்குப் பதிலாக மூலதனம் வரும்போது கூலி வாங்கியவர் என்ன ஆகிறார் என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள், நீங்கள் எழுப்ப வேண்டியதில்லை.

காலத்தைக் கவனியுங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓய்ந்திருக்கும். ஆகவே இது முதலாம் தவணைக்கான வாசிப்பு. கரைக்குப் போகுமுன் சம்மாட்டியிடம் கேட்டு அனுமதி பெறுங்கள். யாரிடமும் "உங்கள் வருமானம் என்ன?" என்று கேட்க வேண்டாமென மாணவர்களுக்குச் சொல்லிவையுங்கள். நேற்று என்ன மீன் பட்டது, கிலோ என்ன விலை போனது என்று கேட்டால் மனிதர்கள் மனந்திறந்து பேசுவார்கள்.

கரட் ஹார்டின் 1968இல் எழுதிய, பொதுவளம் அழிந்தே தீரும் என்று வாதிடும் புகழ்பெற்ற கட்டுரையைப் பலர் முதலில் கொடுக்கிறார்கள். நான் அதை ஒஸ்ட்ரமுக்குப் பிறகே கொடுப்பேன். ஹார்டின் கற்பனையான ஒரு மேய்ச்சல் நிலத்தை வைத்துப் பேசுகிறார், அவருடைய தர்க்கம் மிகவும் சுத்தமானது. அதை முதலில் வாசித்த மாணவர் கரைக்குப் போனாலும் அழிவை மட்டுமே காண்பார்.

ஒரே கால்வாய், ஆயிரம் குளம்

புறத்தாக்கம் கற்பிக்க ஆலைப் புகையையும் தேனீ வளர்ப்பையும் தேடிப் போக வேண்டாம். இலங்கையின் இறால் வளர்ப்பு பெரும்பாலும் புத்தளம் மாவட்டத்துக்குள்ளேயே அடங்கியது. 1980களில் பெரிய கம்பனிகள் தொடங்கின, பின்னால் சிறு பண்ணையாளர் திரளாக வந்தார்கள். கண்டல் காடுகள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. சிலாபத்துக்கும் முந்தலுக்கும் இடையில் பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீர் எடுத்தன, கழிவுநீரையும் அதே கால்வாய்க்குள் விட்டன. ஒருவரின் கழிவு அடுத்தவரின் உள்ளீடு. 1996இல் வெண்புள்ளி வைரஸ் வந்தபோது அது நீரோடு பண்ணைக்குப் பண்ணை பரவியது. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் பாதையோரத்தில் காணலாம்.

இதுவரைக்கும் எந்த ஆசிரியரும் சொல்லக்கூடிய கதை. வாசிப்பு தேவைப்படுவது அதற்குப் பிறகு நடந்ததற்கு. எரங்க கலப்பத்தியும் பிக்ரெட் பெர்க்ஸும் 2014இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்று, வடமேல் மாகாணத்தின் சிறு இறால் பண்ணையாளர் சங்கங்களாகச் சேர்ந்து இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாண்டார்கள் என்று விவரிக்கிறது. முக்கியமான ஏற்பாடு வளர்ப்பு நாட்காட்டி. நீர்ப்பரப்பு வலயங்களாகப் பிரிக்கப்படுகிறது. எந்த வலயம் எந்த மாதங்களில் குஞ்சு விடலாம் என்பதைச் சங்கங்களும், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் கழிவு விடுவதும் நோய் தொடர்ந்து ஓடுவதும் இதனால் குறைகின்றன.

வழிகாட்டியில் புறத்தாக்கத்துக்கு வரியும் மானியமும் ஒழுங்குவிதியும் தீர்வுகளாக இருக்கும். மாணவர்கள் அவற்றை மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தக் கட்டுரை காட்டுவது அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றை: பாதிப்பவரும் பாதிக்கப்படுபவரும் ஒரே ஆட்களாக இருக்கும்போது அவர்கள் தமக்குள் விதி செய்துகொள்ளக்கூடும். ஆங்கில ஆய்விதழ் நடையில் இருப்பதால் அப்படியே கொடுத்தால் பிள்ளைகள் திணறுவார்கள். இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் செய்து, இறுதியில் ஒரு கேள்வி வையுங்கள்: நாட்காட்டியை மீறி முந்திக் குஞ்சு விடுகிற ஒருவருக்குக் கிடைக்கும் இலாபம் என்ன, அந்த ஆசையைச் சங்கம் எதைக் கொண்டு அடக்குகிறது? வகுப்பில் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்தால் பதில் அன்றிரவே வந்துவிடும்.

நுரைச்சோலை மின்நிலையத்தையும் இதே அலகில் எடுக்கலாம். நாட்டுக்கு மின்சாரம், பக்கத்து ஊருக்கு நிலக்கரித் தூளும் சாம்பலும் என்ற பங்கீடு வெளிப்படையானது. ஆனால் இதற்கு நீங்கள் எடுக்கும் வாசிப்பில் கவனம் வேண்டும். செய்தித்தாள் கட்டுரைகளில் கோபம் நியாயமாகவே இருக்கிறது, அளவுகள் அரிதாக இருக்கின்றன. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் வறண்டவை, மும்மொழியிலும் வெளியாகின்றன, எண்களோடு வருகின்றன. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள். கொழும்பின் குப்பையைப் புத்தளத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தையும் அதற்கு எதிராக 2018இல் புத்தளத்தில் எழுந்த போராட்டத்தையும் இதே முறையில் கையாளலாம்.

இரண்டு கட்டுரைகள் சண்டையிடட்டும்

சந்தையும் தகவலும் என்ற தலைப்புக்கு ரொபர்ட் ஜென்சனின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரையை விடப் பொருத்தமானதை நான் காணவில்லை. கேரளத்தின் வடகரையில் 1997 தொடக்கம் கைத்தொலைபேசிச் சேவை படிப்படியாக வந்தது. அதற்குமுன் ஒரு கரையில் மத்தி மீன் வாங்க ஆளில்லாமல் கொட்டப்படும், அதே காலையில் சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீனில்லாமல் ஆட்கள் திரும்புவார்கள். தொலைபேசி வந்ததும் மீனவர்கள் கடலிலிருந்தே விலை விசாரித்து எங்கே கரை சேர்வது என்று தீர்மானித்தார்கள். கரைக்குக் கரை விலை வேறுபாடு சுருங்கியது, வீணாகிய மீன் இல்லாமலே போனது, மீனவரின் இலாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. கட்டுரையில் உள்ள விலை வரைபடத்தைப் பொருளியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தாறுமாறாக எழுந்து விழும் கோடுகள் தொலைபேசி வந்த நாளிலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மொழிபெயர்ப்பில்லாமலே புரியும் படம்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். ஜானகி ஸ்ரீநிவாசனும் ஜென்னா பர்ரெலும் சில ஆண்டுகள் கழித்து அதே கேரள மீனவர்களிடம் போய்ப் பார்த்து 2013இல் எழுதினார்கள். விலை தெரிந்தாலும் எல்லாராலும் நினைத்த கரையில் விற்க முடிவதில்லை. கடன் வாங்கிய மீனவர் கடன் கொடுத்தவருக்கே மீன் கொடுக்க வேண்டியிருக்கிறது. தகவல் கையில் இருக்கிறது, சுதந்திரம் இல்லை. இரண்டு கட்டுரையையும் பக்கம் பக்கமாக வைத்து வாசிப்பித்தால், "ஆய்வு சொல்கிறது" என்ற சொல்லுக்கு முன் மாணவர் மண்டியிடாமல் இருக்கக் கற்றுக்கொள்வார். பிறகு கற்பிட்டியிலோ சிலாபத்திலோ படகுக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் யார் கொடுக்கிறார், அந்தப் படகின் மீன் யாரிடம் போகிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

என் அனுபவத்தில் மிகப் பயனுள்ள மேலதிக வாசிப்பு பெரும்பாலும் இப்படி இரட்டையாகவே வரும். ஒரு கட்டுரை தனியே வந்தால் அது இன்னொரு பாடநூலாகிவிடுகிறது.

எண்களையும் வாசிப்பாகக் கொடுக்கலாம்

மத்திய வங்கியின் ஆண்டறிக்கை தமிழிலும் வெளிவருகிறது. 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பிறகு அதன் இடத்தில் வருடாந்தப் பொருளாதார மீளாய்வு வருகிறது. முழு அறிக்கையையும் கொடுத்து வாசிக்கச் சொல்வது தண்டனை. ஒரே ஓர் அட்டவணையை எடுங்கள்: வெளிநாட்டிலுள்ள தொழிலாளர் அனுப்பிய பணம். 2020இல் ஏறத்தாழ 7,100 மில்லியன் டொலர். 2021இல் 5,490 மில்லியன். 2022இல் 3,790 மில்லியன். 2023இல் மீண்டும் 5,970 மில்லியன்.

இப்போது அதன் பக்கத்தில் இன்னொரு தகவலை வையுங்கள். 2022இல் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம். ஆட்கள் கூடுதலாகப் போன ஆண்டில் காசு குறைவாக வந்தது எப்படி? இந்தக் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். வென்னப்புவவில் இத்தாலிக்குப் போன அண்ணன் உள்ள பிள்ளைக்கும், புத்தளத்தில் சவூதிக்குப் போன உம்மா உள்ள பிள்ளைக்கும் பதில் தெரியும்: உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் வழி. வங்கியில் டொலருக்கு 200 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்த காலத்தில் உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். காசு வீட்டுக்கு வந்தது, வங்கி வழியாக வரவில்லை. 2022 மார்ச்சில் ரூபாயின் பிடி தளர்த்தப்பட்டு, இரண்டு மாதத்துக்குள் டொலர் 360 ரூபாயளவுக்குப் போன பிறகு, வங்கி வழி படிப்படியாகத் திரும்பியது. நாணயமாற்று வீதக் கட்டுப்பாடு, கறுப்புச் சந்தை, சென்மதி நிலுவை ஆகிய மூன்று பாடங்கள் ஓர் அட்டவணையில் அடங்கிவிட்டன. பிள்ளைகள் தங்கள் வீட்டில் எந்த வழியில் காசு வந்தது என்று வகுப்பில் சொல்லும்படி ஒருபோதும் கேட்காதீர்கள். பொதுவாகப் பேசினாலே போதும்.

உப்புக்கும் இதுபோலவே. மழை பெய்தால் பாத்தியில் உப்பு விளையாது. அப்படி மழை கெடுத்ததால் 2025இல் தீவு நாடான இலங்கை உப்பை இறக்குமதி செய்தது. அந்தச் சில மாதச் செய்தித் துணுக்குகளை வரிசையாக ஒட்டி, குறுங்கால நிரம்பல் நெகிழ்ச்சிக்கு ஒரு தாள் செய்யலாம். பாலாவிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது. பணவீக்கத்துக்கு, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின் ஆண்டு ஏற்றம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்ட கதை அவர்களுக்கே நினைவிருக்கும். வீட்டுக் கொப்பியில் கடைக் கணக்கு எழுதிய பாட்டிமார் எவராவது இருந்தால் அதைவிடச் சிறந்த வாசிப்பு இல்லை.

கவனமாகக் கொடுக்க வேண்டியது

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள், முகாம்களிலும் பின்னர் சொந்தக் காணிகளிலும் வாழ்ந்தார்கள், கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கு நின்றார்கள். ஒரு சிறிய தொழிற்சந்தைக்குள் இவ்வளவு பேர் ஒரேயடியாக வந்தால் கூலி என்ன ஆகும்? கேள்வி, நிரம்பல் வரைபடம் ஒரு பதில் சொல்லும். பொருளியலாளர் டேவிட் கார்ட் வேறொரு பதில் சொன்னார். 1980இல் கியூபாவிலிருந்து சுமார் 125,000 பேர் கடல் வழியாக அமெரிக்காவுக்கு வந்தார்கள், அவர்களில் பாதியளவினர் மயாமியிலேயே தங்கினார்கள். நகரின் உழைப்புப் படை 7 சதவீதம் பெருத்தது. அங்கிருந்த தொழிலாளரின் கூலி குறையவில்லை என்று கார்ட் 1990இல் காட்டினார். 2021இல் நோபல் பரிசு பெற்ற பணியின் ஒரு பகுதி இது. ஜோர்ஜ் போர்ஹாஸ் 2017இல் அதே தரவுகளை வேறுவிதமாகப் பிரித்து, பாடசாலைக் கல்வியை முடிக்காதவரின் கூலி பலமாக விழுந்தது என்று மறுத்தார். மறுபடியும் ஓர் இரட்டை.

புத்தளத்தின் பக்கத்தைச் சொல்ல, பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லாவின் எழுத்தும், வெளியேற்றம் பற்றிய குடிமக்கள் ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் இருக்கின்றன. கேத்ரின் ப்ரூன் இடம்பெயர்ந்தோரும் உள்ளூரவரும் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று புத்தளத்தில் தங்கி ஆராய்ந்து நூல் எழுதியிருக்கிறார்.

இதை ஆண்டின் முதல் மாதங்களில் எடுக்காதீர்கள். உங்கள் வகுப்பில் வந்தவர் வீட்டுப் பேரப்பிள்ளையும், நிலமும் கிணறும் பகிர்ந்துகொண்டவர் வீட்டுப் பேரப்பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். கூலி, காணி, பாடசாலை இடம், வாக்கு என்று உரசல் இருந்தது, இன்னும் முழுதாக ஆறவில்லை. "இவர்கள் வந்ததால் கூலி குறைந்தது" என்ற வாக்கியத்தை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லும் நிலையை உருவாக்கினால், நீங்கள் பொருளியல் கற்பிக்கவில்லை. மயாமியிலிருந்து தொடங்குங்கள், புத்தளத்துக்கு அவர்களாக வரட்டும். வந்தவர்கள் கூலி கேட்டவர்கள் மட்டுமல்லர், அரிசி வாங்கியவர்களும் கடை போட்டவர்களும் தோட்டம் செய்தவர்களும் கூட என்பதை, அதாவது உழைப்பின் நிரம்பலோடு உழைப்புக்கான கேள்வியும் நகர்கிறது என்பதை, வரைபடத்தில் காட்டிய பிறகே விவாதத்துக்கு விடுங்கள்.

முகாம் வாழ்வு பற்றி வீட்டில் கேட்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஆர். ஏ. ராட்போர்ட் 1945இல் எழுதிய சிறு கட்டுரை மனதில் தங்கும். போர்க்கைதியாக இருந்த அவர், முகாமுக்குள் சிகரெட் எப்படிப் பணமாகியது, நிவாரணப் பொதிகள் வரும் நாளில் விலைகள் எப்படி மாறின என்று எழுதினார். பணம் என்ற அலகுக்கு இதைவிடத் தெளிவான வாசிப்பு எனக்குத் தெரியாது.

தமிழில் என்ன இருக்கிறது

மக்கள் வங்கியின் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட 'பொருளியல் நோக்கு' இதழின் பழைய பிரதிகள் பல நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. மீன்பிடி, தெங்கு, குடிபெயர்வு என்று தனித்தனி விடயத்துக்காக வந்த இதழ்களைத் தேடுங்கள். தரவு பழையது என்பது குறையல்ல, ஆண்டைப் பெரிதாக மேலே எழுதி, இன்றைய எண்ணைப் பக்கத்தில் மாணவரையே நிரப்பச் சொல்லுங்கள்.

தமிழகத்தில் எஸ். நீலகண்டன் எழுதிய 'ஆடம் ஸ்மித் முதல் கார்ல் மார்க்ஸ் வரை' பொருளியல் சிந்தனை வரலாற்றைத் தெளிந்த தமிழில் சொல்கிறது, ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டிய நூல். மாணவருக்கு நான் கொடுப்பது அவருடைய இன்னொரு நூலான 'ஒரு நகரமும் ஒரு கிராமமும்'. கரூரையும் அதன் அயற்கிராமம் ஒன்றையும் எடுத்து, கொங்கு நாட்டில் தொழிலும் சமூகமும் மாறிய விதத்தைச் சொந்த ஊர்க்காரரின் நெருக்கத்தோடு அவர் எழுதுகிறார். ஓர் அத்தியாயத்தை வாசித்துவிட்டு முந்தலைப் பற்றியோ கற்பிட்டியைப் பற்றியோ இரண்டு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். இந்திய நூல்கள் தேவை, அளிப்பு என்று எழுதும், நம் பரீட்சை கேள்வி, நிரம்பல் என்று கேட்கும். தாளின் ஓரத்தில் இணைச்சொற்களை எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

வரலாற்றுக்குச் சின்னத் தாள்கள் இரண்டு. 1344இல் இபுனு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளம் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததாகவும், மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் விலை கொடுக்காமல் அவற்றை எடுத்துப்போய், மன்னனுக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாகக் கொடுத்ததாகவும் அவர் குறிப்பெழுதுகிறார். அது இலவசப் பண்டமா, அன்பளிப்பு என்ற பெயரில் விலையா? தரம் 12இன் முதல் வாரத்துக்கு உகந்த கேள்வி. மற்றது, கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை பற்றிய விவரத்திரட்டு. ஊர்கள் அகரவரிசையில் இருக்கின்றன. தங்கள் ஊர்ப் பதிவை எடுத்து, அன்று என்ன விளைந்தது, என்ன ஏற்றுமதியானது, இன்று எது மிச்சம் என்று ஒப்பிடலாம்.

தாளைத் தயாரித்தல்

மூலம் எதுவானாலும் மாணவர் கைக்குப் போவது ஏ4 தாளின் இரண்டு பக்கம். அதற்கு மேல் போனால் போட்டோகொப்பிச் செலவும் கூடும், வாசிப்பும் குறையும். தமிழ்ச் சுருக்கத்தை நீங்களே எழுதுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுப்பது இரட்டை வேலை. வரைபடத்தையோ அட்டவணையையோ வெட்டாமல் அப்படியே வையுங்கள். ஆங்கில மூலத்திலிருந்து ஒரு பந்தியை மட்டும் கீழே சேர்த்துவிடுங்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளை அங்கே முழுதாகச் சந்திக்கப்போவது அதைத்தான். கடைசியில் கேள்வி ஒன்று, வெளியே போய்ப் பார்த்தால் மட்டுமே பதில் கிடைக்கும் கேள்வி. வாசிப்பை வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு பாடவேளையில் வகுப்பிலேயே வாசிப்பித்துவிடுங்கள். டியூஷன் முடிந்து இரவில் வீடு சேரும் பிள்ளை வாசிக்காது.

தவிர்க்க வேண்டியவை: பணக்காரராகும் வழி சொல்லும் நூல்கள், கம்பனிகளின் விளம்பர வெளியீடுகள், "பொருளாதாரம் எங்கே போகிறது" என்ற தலைப்பில் வாராவாரம் வரும் எண்ணில்லாத கட்டுரைகள். தொண்டு நிறுவனத் திட்ட அறிக்கைகளைத் தவிர்க்க வேண்டாம், கேள்வியோடு கொடுங்கள். சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீசா நிறுவனம் கண்டல் காடுகளைப் பாதுகாக்கும் பெண்களுக்குச் சிறுகடன் தரும் திட்டத்தை நடத்தியது, பம்பலவில் கண்டல் அருங்காட்சியகமும் இருக்கிறது. கடன் இல்லாவிட்டாலும் அந்தக் கண்டல் தப்பியிருக்குமா என்று கேட்கப் பழகினால், எந்த அறிக்கையையும் வாசிக்கும் பழக்கம் வந்துவிடும்.

1959இல் திட்டமிடல் செயலகம் தொகுத்து வெளியிட்ட, ஹிக்ஸ், கல்டோர், ஜோன் றொபின்சன், மிர்டால் முதலிய வெளிநாட்டுப் பொருளியலாளர் இலங்கையைப் பற்றி எழுதிய கட்டுரைகளும், எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட குறைவிருத்தியின் அரசியல் பொருளாதாரம் பற்றிய பெருநூலும் உங்களுக்கானவை. பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். உங்கள் விளக்கத்தில் அவை தாமாக வந்து சேரும்.

ஆண்டு முடிவில் பட்டியலைத் திருத்துங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு குறிப்பு போதும்: எத்தனை பேர் வெளியே போய்ப் பார்த்து வந்தார்கள், பார்த்து வந்தவர்களில் எவராவது கட்டுரையை மறுத்தாரா. எவரும் போகாத தாளை எடுத்துவிடுங்கள். எல்லாரும் போய் எல்லாரும் ஒப்புக்கொண்டு வந்த தாளுக்கு, அதை மறுக்கும் இன்னொரு கட்டுரையைத் தேடிச் சேருங்கள்.